ஆனைமுடியின் வரையாடும் செம்மஞ்சள் தவளையும்: எதன் நிலை மேலும் அபாயமானது?

மலர்விழி, ஆயர் ஈத்தாம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் சிலருக்கு வார இறுதியில் தமிழிலேயே இயற்கை அறிவியல் சொல்லிக் கொடுக்கும் சிறு குழுவில் நானும் ஒருத்தி. அடுத்த மாதம் மாணவர்கள் ஒரு கண்காட்சிப் பலகை தயாரிக்கவிருக்கிறார்கள். அழிவின் விளிம்பில் உள்ள மலைவாழ் பாலூட்டி ஒன்றையும் மலைவாழ் நீர்நில வாழ்வி ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும் என்பதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை. தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்பதால் வரையாட்டை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அது வாழும் அதே கேரளத்து ஆனைமுடி மலைப்பகுதியில் மட்டும் காணப்படும் செம்மஞ்சள் நிறப் புதர்த்தவளை ஒன்று இருப்பதை ஒரு மாணவி எங்கிருந்தோ கண்டுபிடித்து வந்தாள். அறிவியலில் அதன் பெயர் ராவோர்செஸ்டெஸ் ரெஸ்ப்ளெண்டென்ஸ்.

சிக்கல் அதன்பிறகுதான் தொடங்கியது. ‘எது அதிக ஆபத்தில் இருக்கிறது?’ என்ற கேள்விக்கு மாணவர்கள் எண்ணிக்கையை மட்டும் வைத்து விடை எழுதப் பார்க்கிறார்கள். வரையாடு இரண்டாயிரத்துக்கு மேல், தவளை சில நூறு, ஆகவே தவளைக்குத்தான் ஆபத்து அதிகம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விடை சரியாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு அவர்கள் வந்து சேரும் வழி எனக்கு நிறைவளிக்கவில்லை. ஓர் ஆட்டையும் ஒரு தவளையையும் ஒரே தராசில் வைப்பது முறையா? முறை என்றால், எவற்றை வைத்து ஒப்பிடலாம்? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இளமாறன், கோலாலம்பூர்

வணக்கம், ஆசிரியை அவர்களே. ஒப்பிடலாம், ஒப்பிடுவதற்காகவே உருவாக்கப்பட்ட ஏற்பாடுதான் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல். ஆனால் அந்தப் பட்டியலுக்குள் ஓர் உயிரினம் நுழைவதற்குப் பல வாசல்கள் உள்ளன என்பதை மாணவர்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். எண்ணிக்கை வேகமாகச் சரிவது ஒரு வாசல். வாழும் பரப்பு மிகக் குறுகியதாக இருந்து, அதன் தரமும் கெட்டுக்கொண்டே போவது இன்னொரு வாசல். இனப்பெருக்க வயதை எட்டியவை 2,500-க்கும் குறைவாக இருந்து, அந்த எண்ணிக்கையும் தொடர்ந்து குறைந்துவருவது மற்றொன்று. இவற்றில் ஏதேனும் ஒன்றின் வழியாக ‘அருகிய இனம்’, ‘மிக அருகிய இனம்’ போன்ற நிலைகளுக்கு ஓர் உயிரினம் வந்து சேரலாம்.

வரையாடு ‘அருகிய இனம்’ என்று குறிக்கப்பட்டதற்கு அடிப்படை அதன் எண்ணிக்கை. உங்கள் தவளை ‘மிக அருகிய இனம்’ என்று சேர்க்கப்பட்டதற்கு அடிப்படை அதன் பரப்பு. 2010-ல் எஸ். டி. பிஜுவும் அவருடைய குழுவினரும் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியபோது, அது ஆனைமுடி உச்சியைச் சுற்றி மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில் மட்டுமே இருப்பதாகக் கருதினார்கள். பின்னர் நடந்த தேடல்களில், ஆனைமுடி அமைந்திருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் வேறு சில இடங்களிலும் அது தென்பட்டது. ஆனால் பூங்காவுக்கு வெளியே இல்லை. பூங்காவின் மொத்தப் பரப்பே 97 சதுர கிலோமீட்டர்தான். பினாங்குத் தீவு ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் என்பதை நினைவூட்டினால் உங்கள் மாணவர்களுக்கு அளவு உடனே பிடிபடும்.

ஆகவே ஆட்டின் இரண்டாயிரத்தையும் தவளையின் சில நூற்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுவது, இரண்டும் ஒரே காரணத்துக்காகப் பட்டியலில் இருக்கின்றன என்ற எண்ணத்தைத் தந்துவிடும். தவளை ஆயிரக்கணக்கில் இருந்தாலும், அத்தனையும் ஒரே சிறு பூங்காவுக்குள் இருக்கும் வரை அதன் நிலை பெரிதாக மாறப் போவதில்லை. ஒரே ஒரு கடும் வறட்சியோ ஒரே ஒரு நோயோ எல்லாவற்றையும் ஒருசேரத் தொட்டுவிடும். வரையாடோ நீலகிரியின் முக்கூர்த்தியிலிருந்து தெற்கே அகத்தியமலைப் பக்கம் வரை சிதறிக் கிடக்கிறது. ஓரிடத்தில் அடி விழுந்தாலும் இன்னோரிடத்தில் மிஞ்சும். ஆனால் அந்தச் சிதறலே அதற்குப் பகையாகவும் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களும், வாட்டில் என்ற அயல்நாட்டு மரமும் தைல மரமும் நிறைந்த காடுகளும், நீர்த்தேக்கங்களும் நடுவில் வந்து அமர்ந்துவிட்டதால் சிறு சிறு மந்தைகள் ஒன்றோடொன்று கலக்க வழியின்றி நிற்கின்றன. இருபது, முப்பது ஆடுகள் மட்டும் உள்ள ஒரு குன்றில், யாரும் வேட்டையாடாமலேயே, நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து, சில தலைமுறைகளில் மந்தை நலிந்துபோக வாய்ப்புண்டு.

எனவே மாணவர்களிடம் ‘எத்தனை இருக்கின்றன?’ என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ‘எது நடந்தால் இது இல்லாமல் போகும்?’ என்பதை முதல் கேள்வியாக வைத்தால் பலகை தானாகவே வேறு வடிவம் எடுக்கும்.

கதிரவன், சுங்கை ஆரா

இளமாறன் ஐயா சொன்னவை பொருத்தமானவை. இருந்தாலும் நடைமுறையைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். குடும்பத்தோடு மூணாறு போனபோது இரவிகுளம் பூங்காவின் இராஜமலை வரை சென்றிருக்கிறேன். பூங்கா நிர்வாகத்தின் வண்டியில் ஏற்றிச் சென்று, குறிப்பிட்ட எல்லை வரை மட்டும் நடக்க விடுகிறார்கள். முதுகில் வெள்ளி பூசியது போன்ற முதிர்ந்த கிடாக்கள் சாலையோரத்திலேயே மேய்கின்றன. குட்டி ஈனும் பருவத்தில், ஆண்டின் தொடக்க மாதங்களில், பார்வையாளர்களை உள்ளே விடாமல் மூடிவிடுகிறார்கள். வேட்டைக்காகத் தோட்டத் துரைமார் வைத்திருந்த மலை, 1975-ல் சரணாலயமாகி, 1978-ல் தேசியப் பூங்காவானது என்றால், அதற்கு முதற்காரணம் வரையாடுதான். அங்கே யாரும் தவளைக்காகப் பூங்கா அமைக்கவில்லை. 1978-ல் அந்தத் தவளை இருப்பதே எவருக்கும் தெரியாது.

இதிலிருந்து நான் புரிந்துகொள்வது இதுதான்: பெரிய விலங்கைக் காத்தால் சிறியவை அதன் நிழலில் பிழைத்துக்கொள்ளும். சூழலியலில் இத்தகைய பெரிய விலங்கைக் குடை இனம் என்பார்கள். வரையாட்டுக்குச் சங்கப் பாடல்களில் வருடை என்ற பெயரில் இடமுண்டு. தமிழ்நாட்டு அரசு 2022-ல் 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி அதற்கென்றே தனித் திட்டம் அறிவித்தது. அதைப் பற்றி முன்னோடியாக ஆராய்ந்த இ. ஆர். சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாகவும் கொண்டாடப்படுகிறது. கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு தவளைக்காக இவ்வளவும் திரண்டு வருமா? வராது. ஆகவே இரண்டையும் போட்டியிட வைப்பதைவிட, ஆட்டின் பெயரால் தவளையும் காக்கப்படுகிறது என்று மாணவர்கள் எழுதினால் போதும் என்பது என் கருத்து.

தேன்மொழி, பட்டர்வொர்த்

கதிரவன் அண்ணன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பூங்கா என்ற வேலி இருப்பதால்தான் அந்தத் தவளையின் மலை இன்று தேயிலைத் தோட்டமாக இல்லை, அதில் ஐயமில்லை. ஆனால் குடையின் கீழ் இருப்பவை எல்லாவற்றுக்கும் ஒரே தேவைதான் என்று எடுத்துக்கொள்வது சரியாக வராது. இந்த இரண்டு உயிர்களைப் பொறுத்தவரை அந்த வேறுபாடு மிகவும் கூர்மையானது.

தீயை எடுத்துக்கொள்ளுங்கள். இரவிகுளத்தில் புல்வெளியைப் பகுதி பகுதியாகக் கட்டுப்பாட்டோடு எரிக்கும் வழக்கம் நெடுநாளாக இருந்துவந்திருக்கிறது. முதுவர் பழங்குடியினரின் துணையும் அதற்கு உண்டு. முற்றிக் காய்ந்த புல் எரிந்தால் இளம்புல் துளிர்க்கும், அது ஆட்டுக்கு நல்ல மேய்ச்சல். பெருந்தீ பரவாமலும் அது தடுக்கும். ஆட்டின் பக்கமிருந்து பார்த்தால் இதில் குறை சொல்ல ஏதுமில்லை; தீ வந்தால் அது பாறைச் சரிவில் ஏறிக்கொள்ளும். ஆனால் இந்தத் தவளை மற்றப் புதர்த்தவளைகளைப் போல மரக்கிளையில் வாழ்வதன்று. தரையோடு ஒட்டி, குட்டை மூங்கில் புதர்களின் அடியிலும் புல் திட்டுகளின் ஈரத்திலும் வாழ்வது. கால்களும் மிகக் குட்டையானவை, எனவே நெடுந்தொலைவு தாவித் தப்பிக்கும் உடலமைப்பு அதற்கு இல்லை. முட்டையிடுவதும் அந்த மூங்கில் புதர்களின் அடிப்பகுதியில்தான். ஆட்டுக்கு உணவு தரும் அதே நெருப்பு எந்த மாதத்தில், எந்தச் சரிவில், எவ்வளவு சூட்டில் எரிகிறது என்பதைப் பொறுத்துத் தவளைக்கு அது ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம், முற்றழிவாகவும் இருக்கலாம். எரிப்பதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எரிக்கும் வரைபடத்தைப் போடும்போது மூங்கில் புதர்கள் எங்கே இருக்கின்றன என்பதும் அந்தத் தாளில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து உடல். வரையாட்டுக்கு அடர்ந்த மயிர், வெப்பக் குருதி, நான்கு வலிய கால்கள். ஓர் ஆண்டு மழை பொய்த்தால் அது கீழே இறங்கி வேறு சரிவில் மேயும். தவளையோ நுரையீரலோடு தன் தோல் வழியாகவும் மூச்சு வாங்குகிறது. தோல் உலர்ந்தால் அந்த மூச்சு தடைபடும். இந்த இனக்குழுவின் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது என்பதையும் மாணவர்கள் கட்டாயம் எழுத வேண்டும், ஏனெனில் பாடநூலில் தவளை என்றாலே குளமும் தலைப்பிரட்டையும்தான். இங்கே முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முழுவதும் நடந்து, சிறு தவளையாகவே வெளியே வருகிறது. குளமோ ஓடையோ வேண்டியதில்லை என்பது ஒரு வலிமைதான். ஆனால் அதற்கு ஈடாக, முட்டை கிடக்கும் இடத்தில் காற்றின் ஈரப்பதம் வாரக்கணக்கில் குறையாமல் இருந்தாக வேண்டும். பனிமூட்டம் மலையின் மேல் இன்னும் உயரமாக ஏறிப்போனால் அதுவும் பின்தொடர்ந்து மேலே போக வேண்டியதுதான். ஆனைமுடி 2,695 மீட்டர். இந்தியாவில் இமயத்துக்குத் தெற்கே அதைவிட உயரமான இடமில்லை. ஏற்கெனவே உச்சியில் இருப்பதற்கு மேலே போக இடம் ஏது?

உலக அளவில் வெளிவந்த கணக்கும் இதையே காட்டுகிறது. நீர்நில வாழ்விகளைப் பற்றி 2023-ல் வெளியான இரண்டாவது உலக மதிப்பீட்டின்படி அவற்றில் ஏறத்தாழ 41 விழுக்காட்டு இனங்கள் அழியும் அபாயத்தில் உள்ளன. பாலூட்டிகளில் இது ஏறக்குறைய 27 விழுக்காடு. 2004-க்குப் பின் நிலை மோசமான நீர்நில வாழ்விகளில் ஏறத்தாழ 39 விழுக்காட்டுக்குக் காலநிலை மாற்றமே முதன்மைக் காரணம் என்றும் அந்த மதிப்பீடு கூறுகிறது. இவற்றோடு கைட்ரிட் என்ற பூஞ்சை நோய் வேறு. அது உலகின் பல மலைகளில் தவளை இனங்களைக் கூண்டோடு அழித்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அந்தப் பூஞ்சை பதிவாகியிருக்கிறது. பேரழிவு எதுவும் அங்கே பதிவாகவில்லை என்பது ஆறுதலான செய்தி.

கடைசியாக ஒன்று. வரையாட்டுக்கு ஒரு துன்பம் நேர்ந்தால் அடுத்த கணக்கெடுப்பில் தெரிந்துவிடும். தவளைக்கு நேர்ந்தால் யார் கவனிப்பார்கள்? அபாயத்தை அளக்கும்போது இதையும் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கதிரவன், சுங்கை ஆரா

தீயைப் பற்றித் தாங்கள் சொன்ன கோணம் எனக்குப் புதியது, தேன்மொழி. அதை ஏற்கிறேன். ஆனால் வரையாடு ஏதோ பாதுகாப்பான கரையை எட்டிவிட்டது போன்ற எண்ணம் மாணவர்களுக்கு வந்துவிடக் கூடாது. அது சமவெளிக்கு இறங்கி வாழக் கூடிய விலங்கன்று. பாறைச் செங்குத்தும் புல்வெளியும் அருகருகே இருந்தாக வேண்டும், ஏனெனில் சிறுத்தையோ செந்நாயோ துரத்தினால் அதற்கு ஒரே காப்பு அந்தப் பாறைதான். ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான் ஈனும். இழந்ததை விரைவில் ஈடுகட்ட அதனால் முடியாது. புல்வெளியில் வாட்டில் மரம் பரவினால் மேய்ச்சலும் போயிற்று, தொலைவிலிருந்தே பகையைப் பார்த்துக்கொள்ளும் வசதியும் போயிற்று. வெப்பம் கூடினால் மேலே போக இடமில்லை என்ற நெருக்கடி ஆட்டுக்கும் உண்டு. தவளையைவிடச் சற்றுப் பிந்தி வரும், அவ்வளவுதான்.

மலர்விழி, ஆயர் ஈத்தாம்

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. தீயைப் பற்றிய பகுதியைப் படித்துக் காட்டியபோது மாணவர்கள் பாதிப் பலகையை அதற்கே ஒதுக்கிவிட்டார்கள். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது, வரையாட்டின் எண்ணிக்கை ஓரிடத்தில் 3,122 என்றும் இன்னோரிடத்தில் 2,655 என்றும் இருக்கிறது. பத்தாண்டுகளில் ஐந்நூறு ஆடுகள் குறைந்துவிட்டன என்று ஒரு மாணவர் எழுதியிருக்கிறார், அப்படி எழுதலாமா? இரண்டாவது, பெற்றோர் ஒருவர் ‘மலேசியப் பிள்ளைகள் ஏன் கேரளத்து மலையைப் பற்றி எழுத வேண்டும், நம் நாட்டில் இல்லையா?’ என்று கேட்டார். கேள்வி நியாயமானதாகவே படுகிறது.

இளமாறன், கோலாலம்பூர்

முதல் ஐயத்துக்கு விடை: அப்படி எழுதக் கூடாது. 3,122 என்பது உலக இயற்கை நிதியத்தின் இந்தியப் பிரிவு 2015-ல் வெளியிட்ட மதிப்பீடு. 2,655 என்பது 2025-ல் தமிழ்நாடும் கேரளமும் ஒரே காலத்தில் நடத்திய கணக்கெடுப்பில் கிடைத்தது. தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,352. கேரளத்தில் எண்ணப்பட்டவற்றில் பெரும்பகுதி, 841, இரவிகுளத்தில் மட்டும். இரண்டு கணக்கும் வெவ்வேறு முறையில், வெவ்வேறு ஆட்களால், வெவ்வேறு பரப்பில் எடுக்கப்பட்டவை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து வரும் விடைக்குப் பொருளில்லை. தமிழ்நாட்டில் மட்டும் 2024-ல் 1,031 ஆக இருந்தது மறு ஆண்டே 1,303 ஆயிற்று. ஒரே ஆண்டில் அத்தனை குட்டிகள் பிறந்து பிழைத்துவிட்டன என்று எடுத்துக்கொள்வதைவிட, எண்ணும் வேலை மேம்பட்டதற்கும் அதில் பங்குண்டு என்று கொள்வதே பொருத்தம். இனிவரும் ஆண்டுகளில் இதே முறையில் தொடர்ந்து எண்ணினால்தான் ஏற்றமா இறக்கமா என்று சொல்ல முடியும்.

தவளையின் கணக்கு இன்னும் நுட்பமானது. இரவில் ஆண் தவளைகள் எழுப்பும் குரலை வைத்துத்தான் பெரும்பாலும் எந்தத் தவளையையும் தேடுவார்கள். குரல் கொடுக்காத பெண் தவளைகளும் இளம் தவளைகளும் அந்தக் கணக்குக்குள் எளிதில் வருவதில்லை. மழை இல்லாத இரவில் போனால் ஒன்றுகூட இல்லை என்று திரும்பி வரவும் வாய்ப்புண்டு. ஆகவே ‘சில நூறு’ என்ற எண்ணையும் ‘2,655’ என்ற எண்ணையும் மாணவர்கள் ஒரே அளவு எழுத்தில், ஒரே உறுதியோடு பலகையில் ஒட்ட வேண்டாம். ஆட்டின் எண்ணுக்கு ஆண்டையும், தவளைக்கு எண்ணுக்குப் பதிலாகப் பரப்பையும் எழுதச் சொல்லுங்கள்.

தேன்மொழி, பட்டர்வொர்த்

இரண்டாவது ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன், அக்கா. அந்தப் பெற்றோரின் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். பினாங்குத் தீவின் கொடிமலை உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. 1870-ல் ஸ்டோலிச்கா என்ற இயற்கையாளர் பினாங்கிலிருந்து ஓர் ஓடைத் தேரையை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் அறிவியல் பெயரிலேயே பினாங்கு இருக்கிறது. ஆனைமுடித் தவளைக்கு நேர் எதிரான வாழ்க்கை அதனுடையது. அதற்குப் பாயும் ஓடை வேண்டும். அந்த இனக்குழுவின் தலைப்பிரட்டைகள் வாயாலேயே பாறையைப் பற்றிக்கொண்டு நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படாமல் வளர்கின்றன. ஓடையில் மண் வந்து படிந்தால் பற்றுவதற்குப் பாறை இராது. மலைச்சரிவில் கட்டுமானம் நடக்கும் தீவில் இதன் பொருள் என்ன என்பதை மாணவர்களே ஊகித்துவிடுவார்கள். கொடிமலை 2021-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பாலூட்டிக்கு ஈப்போ, பெர்லிஸ் பக்கச் சுண்ணாம்புக் குன்றுகளிலும் தீபகற்பத்தின் மலைக்காடுகளிலும் வாழும் காட்டாடு பொருந்தும். மலாய்க்காரர்கள் காம்பிங் குருன் என்பார்கள். செம்பட்டியலில் அது ‘அழிவாய்ப்பு இனம்’, அதாவது ‘அருகிய இனம்’ என்பதற்கு ஒரு படி கீழான அபாய நிலை. சுண்ணாம்புக் குன்றுகளை உடைத்தெடுப்பதும் கண்ணி வைப்பதும் அதற்கு முதன்மையான இடர்கள். வரையாட்டுக்கு அது நெருங்கிய உறவு இல்லாவிட்டாலும் செங்குத்துப் பாறையை நம்பி வாழும் முறை ஒன்றுதான்.

ஆனாலும் பலகையின் நடுவில் ஆனைமுடியையே வையுங்கள் என்பேன். ஓடைத் தேரை பினாங்கில், காட்டாடு பேராக்கில் என்று ஒப்பிட்டால் மலையும் வேறு, மழையும் வேறு, சட்டத்தை நடைமுறைப்படுத்துவோரும் வேறு. எந்த வேறுபாடு உயிரினத்தால் வந்தது, எது இடத்தால் வந்தது என்று பிரிக்க முடியாது. ஆனைமுடியில் இரண்டும் ஒரே புல்வெளியில், ஒரே மழையில், ஒரே பூங்கா நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. அங்கே எஞ்சும் வேறுபாடு பெரும்பாலும் ஆட்டின் உடலுக்கும் தவளையின் உடலுக்கும் உள்ளதுதான். நம் ஊர்த் தேரையையும் காட்டாட்டையும் வலப்பக்கத்தில் தனிப் பகுதியாக வைத்து, அவற்றுக்கு இதே கேள்விகளைக் கேட்டால் என்ன விடை வரும் என்று மாணவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். கொடிமலை ஓடைகளுக்கு அவர்களை அழைத்துச் செல்வதானால் கைகளில் பூச்சி விரட்டி மருந்து தடவிக்கொண்டு தவளைகளையோ தேரைகளையோ தொட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அவற்றின் தோல் அந்த மருந்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.